தலைக்கயிறும் தோள்வாரும்

பதுளை மாவட்டத்தில் எல்ல என்ற சிற்றூரில் இன்று உலகமே வந்து இறங்குகிறது. 1924-ஆம் ஆண்டு பதுளைவரை நீட்டப்பட்ட இருப்புப்பாதையையும், ஒன்பது வளைவுப் பாலத்தையும், தெமோதரைச் சுழலையும் காண வரும் வெளிநாட்டுப் பயணிகள், அங்கிருந்து தேயிலை மலைகளின் ஊடே குன்றேறிச் செல்கிறார்கள். அவர்களுள் ஓர் இளநங்கையைச் சற்று உற்று நோக்குங்கள். அவள் முதுகில் ஒரு பை. கடையில் பல பைகளை மாட்டிப் பார்த்து, தன் உயரத்துக்கும் தோளுக்கும் பொருந்தியதையே அவள் வாங்கியிருக்கிறாள். இரு தோள்களிலும் மெத்தென்ற அகன்ற வார். மார்புக்குக் குறுக்கே ஒரு சிறு பட்டி. இடுப்பைச் சுற்றி இன்னொரு பட்டி. சுமையின் பெரும்பகுதியை இடுப்பெலும்பு தாங்கிக்கொள்ள, கழுத்து இலேசாக இருக்கிறது. பைக்குள் இருப்பதென்ன? ஒரு தண்ணீர்ப் போத்தல், ஒரு மழைச்சட்டை, கொஞ்சம் ரொட்டி.

அவள் நின்று படம் எடுக்கிறாள். அதே சரிவில், நாலு நிரை மேலே, கொழுந்து கொய்துகொண்டிருக்கும் ஒரு பெண்ணைத்தான் எடுக்கிறாள். அப்பெண்ணின் உச்சந்தலையில் மடித்துப் போட்ட ஒரு துணி. துணியின்மேல் ஒரு கயிறு. கயிற்றில் தொங்குவது முதுகுப்புறக் கூடை. அல்லது கூடைக்குப் பதிலாக இன்று பல தோட்டங்களில் வந்துவிட்ட பை. சுமை முழுவதும் தலையில் தொங்கிக் கழுத்தெலும்பின் வழியே இறங்குகிறது. இந்தக் கயிற்றை அவள் தேர்ந்தெடுக்கவில்லை. அவளுடைய தாய்க்கும் பாட்டிக்கும் கிடைத்ததும் இதே கயிறுதான்.

எல்லவிலேயே இன்னொரு காட்சியும் உண்டு. தேயிலைச் சரிவுக்கு மேலே கம்பி கட்டி, அதில் தொங்கியபடி பறந்து செல்லும் விளையாட்டு ஒன்று நடக்கிறது. ஒரு நிமிட நேரத்துக் களிப்பு அது. அதற்காகத் தொடையிலும் இடுப்பிலும் தோளிலும் வார்கள் பூட்டி, கொக்கிகளை இழுத்துப் பார்த்த பின்னரே ஆளை அனுப்புகிறார்கள். மெத்தச் சரி, மனித உயிர் அருமையானது. ஆனால் அந்தக் கம்பிக்குக் கீழே, செங்குத்தான சரிவில், மழையில் வழுக்கும் மண்ணில், நாள் முழுதும் சுமையோடு நிற்பவளின் உயிர் எந்த வகையைச் சேர்ந்தது என்று கேட்கிறோம்.

வயது வந்த ஒரு மனிதப் பிறவி, தன் உடம்பின் சுகத்துக்காகவும் பாதுகாப்புக்காகவும் தனக்குப் பொருத்தமான வாரைத் தானே தேர்ந்தெடுத்து அணிந்துகொள்வது பயணிக்கு மிகச் சாதாரணமான காரியம். கொழுந்து கொய்பவளுக்கோ அப்படியொரு கேள்வியே எழுப்பப்பட்டதில்லை. தமிழில் ‘சேணம்’ என்று ஒரு சொல் உண்டு. அது குதிரைக்குப் பூட்டப்படுவது. குதிரையைக் கேட்டுப் பூட்டப்படுவதில்லை. ஊவாவின் தேயிலை மலைகளில் பெண்ணின் தலையில் ஏறிய கயிறும் அவ்வாறு பூட்டப்பட்டதே. இதைச் சொன்னால் மறுத்துப் பேச மூன்று விதமானவர்கள் எழுந்திருக்கிறார்கள். அவர்களுக்கு ஒவ்வொருவராக விடையிறுப்போம்.

முதலாமவர் சொல்வது: “அவர்களுக்கு அது பழக்கம். பழகிய கழுத்துக்கு வலி தெரியாது.”

இவர் சில சமயம் விஞ்ஞானத்தையும் துணைக்கு அழைக்கிறார். அழைக்கட்டும், உண்மையை மறைக்க வேண்டிய அவசியம் நமக்கில்லை. 1986-ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வு, கென்யாவின் கிக்குயுப் பெண்கள் நெற்றிப் பட்டையாலும், லுவோப் பெண்கள் தலைமேல் வைத்தும், தங்கள் எடையில் ஐந்தில் ஒரு பங்குவரை மூச்சுச் செலவு கூடாமலே சுமக்கிறார்கள் என்று காட்டியது. 2005-இல் நேப்பாளச் சுமையாளரை அளந்த ஆராய்ச்சியாளரும், நெற்றிப் பட்டையில் பெருஞ்சுமை தூக்கும் அம்மக்கள் முதுகுப்பை சுமக்கும் ஐரோப்பியரைவிடச் சிக்கனமாக நடக்கிறார்கள் என்று கண்டார்கள். ஆகவே தலைக்கயிறு அறியாமையின் சின்னம் என்று நாம் சொல்லவில்லை. சக்கரமும் பாதையும் இல்லாத மலைகளில் உழைக்கும் மக்கள் தாமே கண்டறிந்த உபாயம் அது.

ஆனால் அந்த ஆய்வுகள் அளந்தது என்ன? சுமந்து நடப்பவர் உள்ளிழுக்கும் பிராணவாயுவை. மூச்சு மிச்சமாவது வேறு. முதுகெலும்பு மிச்சமாவது வேறு. கிக்குயுப் பெண்களின் மண்டையோட்டிலேயே பட்டை பதிந்த பள்ளம் காணப்படும் என்பதும் அந்த ஆய்வுகளோடு சேர்ந்து வந்த செய்திதான். மேலும், நேப்பாளச் சுமையாளர் நடக்கிறார். அடிக்கடி நின்று, கையிலுள்ள தடியின்மேல் சுமையை ஏற்றிவைத்து இளைப்பாறுகிறார். கொழுந்து கொய்பவள் நடப்பது குறைவு. அவள் சரிவில் குனிந்து நின்று, இரு கைகளாலும் ஓயாமல் கிள்ளி, தோளுக்குமேல் பின்புறமாக வீசிக் கூடையை நிரப்புகிறாள். நேரம் ஆக ஆகச் சுமை ஏறிக்கொண்டே இருக்கிறது. நடக்கும் கழுத்துக்குப் பழக்கமானது, குனிந்து நிற்கும் கழுத்துக்கும் பொருந்தும் என்று யார் சொன்னது?

கணக்கும் போட்டுப் பார்ப்போம். நாளொன்றுக்குக் கொய்ய வேண்டிய நிறை தோட்டத்துக்குத் தோட்டம் மாறுபடும். 18 கிலோ என்றே வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 250 நாள் வேலை, 30 ஆண்டு உழைப்பு என்று கொண்டால், ஒரே கழுத்தின் வழியே இறங்கும் கொழுந்து 135,000 கிலோ. அதாவது 135 டன். இது வெறும் கொழுந்தின் நிறை. மழைநாளில் இலையோடு ஏறும் தண்ணீரையும், கூடையின் எடையையும் இதில் சேர்க்கவில்லை. கொழுந்து மடுவத்தில் நிறுக்கும்போது தண்ணீருக்கென்று ஒரு கழிவும் கூடைக்கென்று ஒரு கழிவும் வெட்டப்படுகின்றன. தராசு கழித்துவிடுகிறது. கழுத்து எதைக் கழித்துவிட்டுச் சுமக்கும்?

‘பழக்கம்’ என்பவர் அந்தி நேரத்தில் லயத்துக்குள் வந்து பார்க்க வேண்டும். நாற்பது வயதில் கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்பையே திருப்பிப் பார்க்கும் பெண்களைப் பார்க்க வேண்டும். தைலக் குப்பி இல்லாத காம்பறா எத்தனை என்று எண்ண வேண்டும். வலி தெரியாத கழுத்து ஒன்றும் அங்கே இல்லை. வலியைச் சொல்லிப் பயனில்லை என்று அறிந்த வாய்கள்தாம் இருக்கின்றன.

இரண்டாமவர் சொல்வது: “செலவு யார் செய்வது? விற்பனை விலை, உற்பத்திச் செலவு, உலகச் சந்தை எல்லாவற்றையும் பார்க்க வேண்டாமா?”

பார்ப்போம். 2021-இல் நாட்கூலி 1,000 ரூபாய் ஆனது. 2024-இல் 1,350 ரூபாய் ஆனது. அந்தந்தப் படியை எட்ட எத்தனை மறியல், எத்தனை பேச்சுவார்த்தை, எத்தனை நீதிமன்றப் படிகள்! ஒவ்வொரு முறையும் ‘தோட்டம் தாங்காது’ என்ற ஒப்பாரியே முன்வந்தது. ஆனால் நாம் இங்கே கேட்பது என்ன? இரண்டு முழம் அகன்ற நாடா, கொஞ்சம் மெத்தை, நாலு தையல். இதைத் தாங்காத தோட்டம் இந்த உலகத்தில் எதைத்தான் தாங்கும்?

மேலும் தோள்வார் என்பது ஊவா மலைகள் அறியாத அதிசயமன்று. களைகொல்லி அடிக்கும் ஆளின் முதுகைப் பாருங்கள். அந்த மருந்து டாங்கிக்கு இரண்டு தோள்வார் இருக்கின்றன. புல் வெட்டும் இயந்திரத்தைத் தூக்குபவனுக்கும் தோளில் மாட்டும் வார் உண்டு. இவை தொழிற்சாலையில் செய்யப்பட்டு வாரோடு விற்கப்படும் பண்டங்கள். தோட்டம் வாங்கித் தருகிறது. அவற்றைச் சுமப்போர் பெரும்பாலும் ஆண்கள். கூடையோ பெண்ணுக்குரியது. அதற்குக் கயிறு போதும் என்று நூறாண்டுக்கும் மேலாக யாரோ தீர்மானித்து வைத்திருக்கிறார்கள். பொருளின் பெறுமதி உயர்ந்தால் வார் கிடைக்கும், சுமப்பவள் பெண்ணானால் கயிறுதான் கிடைக்கும் என்ற நியாயம் எந்தப் பொருளாதார நூலில் எழுதியிருக்கிறது?

நார்வே நாட்டு ஓலே பெர்கன் முதுகோடு பொருந்தும் சட்டம் வைத்த பையைச் செய்து காட்டியது 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். அதன் பின்னர் படைவீரனுக்கும், மலையேறுபவனுக்கும், பள்ளிக் குழந்தைக்கும்கூடச் சுமையைத் தோளுக்கும் இடுப்புக்கும் பகிர்ந்து கொடுக்கும் கலை வளர்ந்துவிட்டது. அதே நூற்றாண்டில் ஊவாத் தேயிலையின் மணம் உலகச் சந்தையை எட்டியது. கச்சான் காற்று வீசும் ஆடி, ஆவணி மாதங்களின் கொழுந்துக்குக் கொழும்பு ஏலத்தில் தனி மதிப்பு ஏற்பட்டது. தொழிற்சாலையில் வாட்டும் முறை மாறியது, அரைக்கும் இயந்திரம் மாறியது, பெட்டிகளும் மாறின. மாறாமல் நின்றது தலைக்கயிறு ஒன்றே. அது மாறாததற்குக் காரணம் மாற்ற முடியாமை அன்று. மாற்றினால் இலாபம் கூடும் என்று எவருக்கும் தோன்றாமையே.

மூன்றாமவர் நம்மவர், நல்லவரும்கூட. அவர் சொல்வது: “கொடுத்தாலும் அவர்கள் போடமாட்டார்கள். பழைய முறையை விட மாட்டார்கள்.”

இவருக்கு விடை சொல்ல என் சொந்த அனுபவம் ஒன்றைக் கூற வேண்டும். பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில், கொழுந்து நிறுத்துவிட்டுத் தேநீருக்கு உட்கார்ந்திருந்த பெண்களிடம் தோள்வாரின் பெருமையை நான் விரித்துரைத்தேன். கேட்டுக்கொண்டிருந்த மூத்த பெண்மணி ஒருவர், வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, “நல்லாத்தான் இருக்கும் தம்பி. ஆனா குளவி கலைஞ்சா என்னா செய்யிறது? கயிறுன்னா தலைய ஒரு ஆட்டு ஆட்டுனா கூடை கீழ கெடக்கும், ஓடிறலாம். ஒங்க வார கழட்டிக்கிட்டு நிக்கவா?” என்றார்.

நான் வாயடைத்துப் போனேன். குளவிக் கொட்டுக்கு ஆளாகித் தொழிலாளர் மாண்ட செய்தி மலையகத்தில் எத்தனை முறை வந்திருக்கிறது! அதை அறிந்த நான், வாரைப் பற்றிப் பேசும்போது குளவியை மறந்துவிட்டேன். அவர் மறக்கவில்லை, ஏனெனில் ஓட வேண்டியவர் அவர். பக்கத்திலிருந்த இளம்பெண் ஒருத்தி, இடுப்பில் கட்டியிருந்த படங்கைத் தொட்டுக் காட்டி, “இதோட சேர்த்து ஒரு பட்டி தைச்சா பாரம் இடுப்புல நிக்கும்ல அக்கா? ஒரு இழுப்புல அவுந்துற மாதிரி முடிச்சு வச்சா சரி” என்றாள். இன்னொருத்தி, கை வீசிக் கொய்வதற்குத் தோள்வார் அக்குளில் அறுக்கக் கூடாது என்றாள். வேறொருத்தி, பிள்ளைத்தாய்ச்சிக்கு இடுப்புப்பட்டி ஆகாது, அவளுக்கு வேறு மாதிரி வேண்டும் என்றாள். கால் மணி நேரத்தில், எந்தப் பொறியியற் கல்லூரியும் எழுதாத இலக்கணம் ஒன்று அந்தத் தேயிலைச் செடிகளுக்கு நடுவில் எழுதப்பட்டுவிட்டது.

‘போடமாட்டார்கள்’ என்பது எவ்வளவு பெரிய பொய் என்று அன்று உணர்ந்தேன். அவர்கள் மறுப்பது வாரை அன்று. தங்களைக் கேட்காமல் தங்கள்மேல் பூட்டப்படும் எதையும் மறுக்கிறார்கள். அது பிடிவாதம் ஆகாது, அறிவு. துரை பூட்டினால் என்ன, சீர்திருத்தக்காரன் பூட்டினால் என்ன, கேளாமல் பூட்டப்படுவது சேணமே. நான் கையில் கொண்டுபோன ஆயத்த மருந்தும் அந்த வகையில் ஒரு சேணந்தான் என்பதை ஒப்புக்கொள்ள எனக்கு வெட்கமில்லை.

இனிச் சட்டத்துக்கு வருவோம். இலங்கையின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் 1942-ஆம் ஆண்டினது. தொழிலாளரின் பாதுகாப்பையும் சுகாதாரத்தையும் பேசும் சட்டம் அது. அதன் பெயரே அதன் எல்லையைச் சொல்லிவிடுகிறது: தொழிற்சாலை. தேயிலைத் தொழிற்சாலைக்குள் சுழலும் பட்டைக்கு வேலியிட வேண்டும் என்று அது கேட்கும். தொழிற்சாலை வாசலுக்கு வெளியே மலையில் நிற்பவளின் கழுத்து அதன் கண்ணுக்குப் படாது. கொழுந்து வாசலைத் தாண்டி உள்ளே போனால் சட்டத்தின் காவலுக்குள் போகிறது. அதைக் கொய்து கொண்டுவந்தவள் வாசலிலேயே நின்றுவிடுகிறாள்!

உலகம் இதை எண்ணிப் பார்க்காமல் இல்லை. சர்வதேசத் தொழில் தாபனம் 1967-இல் நிறைவேற்றிய 127-ஆம் இலக்க உடன்படிக்கை, தொழிலாளியின் சுகத்துக்கோ பாதுகாப்புக்கோ கேடு தரத்தக்க சுமையை எவரும் சுமக்குமாறு பணிக்கவும் கூடாது, சுமக்க விடவும் கூடாது என்கிறது. சுமப்பதை எளிதாக்கும் தகுந்த சாதனங்களை இயன்றவரை பயன்படுத்த வேண்டும் என்றும் கூறுகிறது. 1967! அன்று பிறந்த குழந்தை கூடை சுமந்து, ஓய்வும் பெற்றுவிட்டது. சாதனம் இன்னும் மலையேறி வரவில்லை.

“இது எங்கள் பாரம்பரியம், கூடையும் கயிறும் இல்லாவிட்டால் மலையகத்தின் அழகே போய்விடும்” என்று உருகுபவர்களும் உண்டு. தேயிலைப் பெட்டிகளில் சிரிக்கும் பெண்ணின் படம் வேண்டுமென்பவர்கள் இவர்கள். பாரம்பரியம் பேசுவோர் முழுப் பாரம்பரியத்தையும் பேசட்டும். இம்மக்களின் முன்னோர் புறப்பட்டு வந்த தமிழகத்துச் சாலைகளில் சுமைதாங்கிக் கற்கள் உண்டு. சூலோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக, வழிப்போக்கர் தலைச்சுமையை இறக்கிவைத்து இளைப்பாற, தோளுயரத்தில் கல் நாட்டி வைத்தார்கள். தலையில் சுமை ஏற்றியவர்கள், அதை இறக்க இடமும் செய்து வைத்த மக்கள் நாம். சுமையை மாத்திரம் கப்பலேற்றிக் கொண்டுவந்து, சுமைதாங்கியை அக்கரையிலேயே விட்டுவிட்டது யார்? அந்தக் கல்லை நட மறந்த தோட்டம், கயிற்றை மட்டும் பாரம்பரியம் என்று போற்றுவது எவ்வளவு வேடிக்கை!

எழுதுகிறவர்களாகிய நம்மேலும் குற்றம் உண்டு. மலையகப் பெண்ணின் கூடையை நாம் உவமையாக்கினோம், உருவகமாக்கினோம், அட்டைப்படமாகவும் போட்டோம். கண்ணீரும் பனித்துளியும் கலந்த கவிதைகளுக்குக் குறைவில்லை. அந்தக் கயிற்றைக் கழற்றி எடுத்து, அதன் அகலம் என்ன, அது எங்கே அழுத்துகிறது என்று பார்த்தவர் எத்தனை பேர்? தொழிற்சங்கங்களும் கூலிப் போராட்டத்தின் நெருக்கடியில் உடம்பின் கணக்கைப் பின்னுக்குத் தள்ளிவிட்டன. கூலி முதற்கேள்விதான், மறுக்கவில்லை. ஆனால் உயர்ந்த கூலியில் பாதி தைலத்துக்கும் மருந்துக்கும் போனால், உயர்ந்தது எவருடைய வருமானம்?

கேட்டுப் பெறுவது இந்த மண்ணுக்குப் புதிதன்று. 1940-ஆம் ஆண்டு, பதுளைக்கு அண்மையிலுள்ள வேவஸ்ஸத் தோட்டத்தில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள், தங்களுக்குள்ளிருந்தே ஒரு சபையைத் தேர்ந்தெடுத்தார்கள். அச்சபையைக் கலந்தே தோட்டக் காரியங்களை நடத்துவதாகத் துரை ஒப்புக்கொள்ள நேர்ந்தது. வெள்ளை ஆட்சி உச்சத்தில் இருந்தபோது, எழுத்தறிவும் மறுக்கப்பட்டிருந்த மக்கள் சாதித்த காரியம் அது. பெண்ணுக்கு ஆணோடு சமகூலி கிடைத்ததும் தானமாக அன்று. 1984-இல் பெருவேலைநிறுத்தத்தின் பயனாகத்தான். அந்த மக்களின் பேத்திகளைப் பார்த்து, ‘உன் முதுகில் ஏறும் வார் எப்படி இருக்க வேண்டும் என்று உனக்குத் தெரியாது’ என்று சொல்ல இன்று யாருக்குத் துணிவுண்டு?

நாம் கேட்பது பெரிதன்று. ஒவ்வொரு தோட்டத்திலும் கொழுந்து கொய்யும் பெண்களே தேர்ந்தெடுத்த ஒரு சிறு குழு வேண்டும். அக்குழுவின் முன்னே இரண்டு மூன்று மாதிரித் தோள்வார்களை வைத்து, ஒரு கொழுந்துக் காலம் முழுதும், வெயிலிலும் மழையிலும் அவர்கள் அணிந்து பார்க்க விட வேண்டும். ஒரே இழுப்பில் கழன்று விழும் முடிச்சு எல்லா மாதிரியிலும் கட்டாயம் இருக்க வேண்டும். பிள்ளைத்தாய்ச்சிக்கும், மெலிந்தவளுக்கும், வயது முதிர்ந்தவளுக்கும் தனித்தனி அளவு வேண்டும். அவர்கள் திருத்தச் சொன்னதைத் திருத்தி, தோட்டச் செலவில் கொடுக்க வேண்டும். கூலியில் பிடிக்கக் கூடாது. வாரை விரும்பாமல் கயிறே போதும் என்பவளுக்கு அந்த உரிமையும் இருக்க வேண்டும். ஆனால் அவள் தலைக்கும் கயிற்றுக்கும் நடுவே கந்தல் துணிக்குப் பதில் அகன்ற மெத்தைப் பட்டை வேண்டும். பாதுகாப்புச் சட்டம் தொழிற்சாலை வாசலைத் தாண்டி மலைக்கு ஏற வேண்டும்.

இவற்றுள் எது நடக்காத காரியம்? ஒரு தையற்காரி ஒரு நாளில் தைத்துவிடக்கூடிய பொருளுக்காக ஒன்றரை நூற்றாண்டு காத்திருந்தது போதும்.

எல்லவின் சரிவில் படம் எடுத்த பயணி நாளை ஊர் திரும்புவாள். தன் பையை வீட்டு மூலையில் மாட்டிவிட்டு, தேநீரும் அருந்துவாள். அவள்மேல் நமக்குக் கோபமில்லை. அவள் தன் உடம்பைப் பேணக் கற்றவள். அந்த உரிமை அவளுக்கு எவ்வளவு இயல்போ, அந்தத் தேயிலையைக் கொய்தவளுக்கும் அவ்வளவு இயல்பானது. அடுத்த முறை அவள் அதே மலைக்கு வரும்போது, எடுக்கும் படத்தில் கயிறு இருக்குமா, வார் இருக்குமா என்பதைத் துரையும் கம்பனியும் தீர்மானிக்க வேண்டாம். நானும் நீங்களும்கூடத் தீர்மானிக்க வேண்டாம். கூடையைச் சுமப்பவள் தீர்மானிக்கட்டும்.